உங்கள் இஷ்டம்!

"உங்கள் இஷ்டம்" என்ற இரண்டு வார்த்தைகளைப் போல, வெளியே உபசாரமாக ஒலித்து உள்ளே கையைக் கழுவிக்கொள்ளும் வார்த்தைகள் தமிழில் வேறு இல்லை. பெண் பார்த்துவிட்டு வந்த பிள்ளையிடம் தகப்பனார் "உன் இஷ்டம்" என்று சொன்னால், அவருக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம். "ஆபரேஷன் செய்துகொள்வதும் செய்துகொள்ளாததும் உங்கள் இஷ்டம்" என்று டாக்டர் சொன்னால், நாளைக்கு எது நடந்தாலும் தம்மைக் கேட்கக்கூடாது என்று அர்த்தம். இந்த வார்த்தைகளுக்குத்தான் கம்ப்யூட்டர் உலகத்தில் ஒரு சாரார் 'சுதந்திரம்' என்று பெயர் சூட்டி, கம்பம் நட்டுக் கொடியும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்தக் கொடிக்கு நான் வணக்கம் செலுத்துவதாக இல்லை.

யாரைச் சொல்கிறேன் என்பதையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கட்டற்ற மென்பொருள்காரர்களைச் சொல்கிறேன். வாசகர்களில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இருக்கக்கூடும். கம்ப்யூட்டர் என்பது வெறும் பெட்டி. அதை இயக்குகிற கட்டளைத் தொகுதிகளைக் கம்பெனிகள் பூட்டி வைத்து விற்கின்றன. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கினவன் பார்க்க முடியாது, திருத்த முடியாது, அடுத்த வீட்டுக்காரனுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தால் குற்றம். இது அக்கிரமம் என்று 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் புறப்பட்டார். எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற ஏற்பாட்டில் எல்லாவற்றையும் புதிதாக எழுதுவது என்று ஆரம்பித்தார். 1991-ல் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், இந்த உடம்புக்கு முதுகெலும்பாக அமைந்த ஒரு பகுதியை எழுதி ஊருக்குக் கொடுத்தார். அதற்கு லினக்ஸ் என்று பெயர். உங்கள் சட்டைப் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போன் அந்த லினக்ஸின் மேல்தான் ஓடுகிறது. இந்தக் கைங்கரியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். பலர் ஒரு காசு கூலி இல்லாமல் ராத்திரி கண் விழித்துச் செய்த வேலை அது. என் சண்டை அவர்கள் கொடுத்ததைப் பற்றி அல்ல. கொடுக்கிற விதத்தைப் பற்றி.

எழுதுகிறவனாகிய எனக்கு வேண்டியது ரொம்பக் கொஞ்சம். தமிழில் தட்டச்சுச் செய்ய வேண்டும். இன்றைக்கு எழுதியது நாளைக்கும் இருக்க வேண்டும். பத்திரிகைக்கு அனுப்பினால் அங்கேயும் அது தமிழாகவே போய்ச் சேர வேண்டும். இவ்வளவுதான். எதிர் வீட்டுப் பையன் என்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். தங்கமான பிள்ளை. என்னுடைய பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுத் தருவதாகத் தானே வலிய வந்தான்.

"எந்த லினக்ஸ் வேணும் மாமா?" என்றான்.

"லினக்ஸ்தான் வேணும்."

"அதுலேயே நூத்துக்கணக்குல இருக்கு மாமா."

"அதிலே எது நல்லதுப்பா?"

"எல்லாமே நல்லதுதான். உங்க இஷ்டம்."

அப்புறம், திரையின் முகப்பு எது வேண்டும் என்று கேட்டான். க்னோமா, கே.டி.ஈ.யா, எக்ஸ்.எப்.ஸி.ஈ.யா, மேட்டா, சின்னமனா? ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் பாகம் பிரிக்கட்டும் என்றான். எழுதுவதற்கு எந்த மென்பொருள், அதையும் எந்த வழியில் உள்ளே இறக்கட்டும் என்றான். ஒவ்வொரு கேள்விக்கும் கடைசியில் அந்த மங்கள வாசகம்: உங்க இஷ்டம். கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டுவிட்டுக் கதை எழுத வந்தவன் நான். ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் பிரித்தால் என்ன ஆகும் என்பதில் எனக்கு ஏது இஷ்டம்? இஷ்டம் இருப்பதற்கு முதலில் விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

ஹோட்டலில் போய் உட்கார்ந்தால் ஸர்வர் வந்து மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான்: இட்லி, பொங்கல், வடை, பூரி, ரவா தோசை, மசாலா தோசை, ஊத்தப்பம்... நமக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஒன்றும் தோன்றாவிட்டால் முதலில் சொன்னதையே கொண்டு வரச் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரிக்கிறோம். ஏன் கஷ்டமில்லை? எல்லாம் சமைத்த பண்டங்கள். எதைக் கொண்டு வந்தாலும் வயிறு நிறையும். அதே ஸர்வர் வந்து, "விறகு அடுப்பா, கரி அடுப்பா? உளுந்தை எத்தனை நாழிகை ஊற வைக்கட்டும்? கல்லுக்கு எந்தக் கொல்லனிடம் சொல்லட்டும்? எல்லாம் ஸாரோட இஷ்டம்" என்று கேட்டால் அவனுடைய ஜனநாயக உணர்ச்சியை மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருப்போமா? எழுந்து அடுத்த ஹோட்டலுக்குப் போவோம். ஜனங்கள் அப்படித்தான் போகிறார்கள். பூட்டிய பெட்டி விற்கிற கம்பெனியிடம் போகிறார்கள். அவன் ஒன்றே ஒன்றைக் கொடுத்து, "இதுதான், எடுத்துக்கொள்" என்கிறான். இந்த விஷயத்தில் மாத்திரம் அவன் மரியாதைக்காரன்.

இத்தனை அடுப்பு எப்படி வந்தது என்று விசாரித்தேன். நம் ஊர்ப் பாகப்பிரிவினை வழக்குகள் தோற்றுப்போகும். 1996-ல் மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மானிய மாணவர், சாதாரண மனிதர்கள் பார்த்துப் பழகக்கூடிய முகப்பு ஒன்று லினக்ஸுக்கு வேண்டுமென்று கே.டி.ஈ.யை ஆரம்பித்தார். மிக நல்ல எண்ணம். ஆனால் அதற்கு அவர் எடுத்துக்கொண்ட க்யூட்டி என்ற கருவித் தொகுதி ஒரு நார்வே கம்பெனியுடையது. அன்றைக்கு அது முழுக்கக் கட்டற்றதாக இல்லை. ஆசாரக் குறைவு வந்துவிட்டது! அடுத்த வருஷமே மெக்ஸிகோவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் க்னோம் என்று தனி அடுப்பு மூட்டினார்கள். 2000-ல் அந்த க்யூட்டியும் சாஸ்திரோக்தமான கட்டற்ற உரிமத்துக்குள் வந்து சேர்ந்தது. சண்டையின் காரணம் தீர்ந்தது. அடுப்பு இரண்டும் அணைந்தனவா? இல்லை. 2011-ல் க்னோம் தன்னுடைய மூன்றாம் பதிப்பில் உருவத்தை மாற்றிக்கொண்டு வந்தது. பிடிக்காத ஒரு கோஷ்டி பழைய உருவத்தைக் காப்பாற்றிக்கொண்டு மேட் என்று புறப்பட்டது. இன்னொரு கோஷ்டி சின்னமன் என்று புறப்பட்டது. உபுண்டுக்காரர்கள் தங்களுக்கென்று யூனிட்டி என்று ஒன்றைச் சில வருஷம் நடத்திப் பார்த்துவிட்டு, 2017-ல் கைவிட்டு க்னோமுக்கே திரும்பினார்கள். இந்த வீட்டுச் சண்டை முழுவதும் நடந்து முடிந்த பிறகு, சண்டையின் மிச்சத்தை வரிசையாக அடுக்கி என் முன்னால் வைத்து, "பாருங்கள், எத்தனை வகை! உங்கள் இஷ்டம்!" என்கிறார்கள். எனக்காகவா இத்தனை வகை செய்தார்கள்? அவர்களுக்குள் ஒத்துப் போகவில்லை, வகை பெருகிற்று.

எழுதுகிற மென்பொருளின் கதை இதைவிடப் பரிதாபம். ஓப்பன் ஆபீஸ் என்று ஒன்று இருந்தது. அதை வைத்திருந்த ஸன் கம்பெனியை 2010-ல் ஆரக்கிள் வாங்கியது. புது எஜமான் மீது நம்பிக்கை இல்லாமல், அதை வளர்த்தவர்களில் பெரும் பகுதியினர் அதே வருஷம் பிரிந்து போய் லிப்ரே ஆபீஸ் என்று ஆரம்பித்தார்கள். ஆரக்கிள் மறு வருஷம் பழைய வீட்டை அபாச்சி என்ற ஸ்தாபனத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டது. பழைய வீட்டில் 2014-ல் வந்த 4.1 பதிப்புக்குப் பிறகு ஒட்டுப் போடும் வேலைதான். வாழ்வெல்லாம் புது வீட்டில். ஆனாலும் பழைய பெயருக்கு ஊரில் செல்வாக்கு இருக்கிறது. விவரம் தெரியாதவன் அந்தக் கதவைத்தான் தட்டுவான். 2020-ல் லிப்ரே ஆபீஸ்காரர்கள் ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார்கள்: உங்களிடம் வருகிறவர்களிடம் இப்படி ஒரு புது வீடு இருக்கிறது என்றாவது சொல்லுங்கள் என்று. இரண்டு வாசலும் இன்னும் திறந்தே இருக்கின்றன. தேர்வு பெருகிவிட்டதாம்!

இதெல்லாம் வெளியிலிருந்து பார்க்கிறவனின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. டோர்வால்ட்ஸே 2014-ல் டெபியன்காரர்கள் கூட்டிய மகாநாட்டில் இந்த முறையீட்டைத்தான் வைத்தார். கடலுக்குள் முக்குளிப்பவர்கள் குறிப்பு எழுதிக்கொள்ள அவர் ஸப்ஸர்பேஸ் என்று ஒரு மென்பொருள் ஆரம்பித்திருந்தார். மற்ற கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்கு அதை ஒரு தடவை கட்டிக் கொடுத்தால் போதும்; சொந்த லினக்ஸுக்கு மட்டும் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டியிருக்கிறது என்று கசந்து பேசினார். வீடு கட்டினவருக்கே உள்ளே போக வழி தெரியவில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வழி காண்பது என்று கிளம்பினார்கள். 2016-ஐ ஒட்டி அந்த ஒரே வழி பிளாட்பேக் என்றும் ஸ்னாப் என்றும் இரண்டு வழிகளாக வந்து சேர்ந்தது.

இந்தப் பேச்சை எடுத்தால் அவர்களிடம் தயாராக இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று: "யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லையே?" இன்னொன்று: "பிடிக்காவிட்டால் நீங்களே திருத்திக்கொள்ளலாமே? உரிமை இருக்கிறதே?" இரண்டாவது பதிலைக் கேட்கும்போது, பட்டினி கிடக்கும் உரிமையும் நமக்கு உண்டு என்று சொல்லத் தோன்றும். ஸ்டால்மனின் கொள்கையில் உள்ள உரிமைகள் நான்கு: எந்தக் காரியத்துக்கும் இயக்கலாம்; படித்துத் திருத்தலாம்; பிரதி எடுத்துக் கொடுக்கலாம்; திருத்தியதையும் கொடுக்கலாம். நான்கும் உயர்ந்த உரிமைகள். இந்த நான்கில் எங்கேயாவது, பயன்படுத்துகிறவன் தலையில் நூறு கேள்விகளை இறக்கி வைக்க வேண்டும் என்று இருக்கிறதா? பூட்டைத் திறந்து பார்க்கிற உரிமை வேறு. பூட்டைச் செய்கிற வேலையை என்னிடம் தள்ளுவது வேறு. முதலாவதற்காக நான் அவர்களோடு சேர்ந்து கோஷம் போடத் தயார். இரண்டாவது, செய்கிறவன் செய்து முடிக்காமல் விட்ட வேலை.

படித்தவர்கள் இந்த இடத்தில் ஜாம் கதையைச் சொல்வார்கள். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரண்டு மனோதத்துவ அறிஞர்கள் கலிபோர்னியாவில் ஒரு கடையில் ஒரு சமயம் 24 வகை ஜாமும் இன்னொரு சமயம் 6 வகை ஜாமும் ருசி பார்க்க வைத்தார்கள். 24 வகையின் முன் நின்றவர்களில் நூற்றுக்கு 3 பேர்தான் வாங்கினார்கள். 6 வகையின் முன் நின்றவர்களில் நூற்றுக்கு 30 பேர் வாங்கினார்கள். 2000-ல் இதைப் பிரசுரித்தார்கள். அது முதல் இந்த ஜாம் இல்லாமல் இந்த விஷயத்தில் ஒரு பிரசங்கமும் இறங்குவதில்லை. ஆனால் 2010-ல், இந்த மாதிரிச் சோதனைகள் ஐம்பதைச் சேர்த்து ஆராய்ந்தவர்கள், சராசரியில் பார்த்தால் வகை அதிகமாவதால் ஏற்படும் விளைவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று கண்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் கட்சி எண்ணிக்கையைப் பற்றியதே அல்ல. என் தாயார் ஜவுளிக் கடையில் இருநூறு புடவைகளைப் புரட்டிப் பார்ப்பார். களைப்பு கடைக்காரனுக்குத்தானே தவிர அவருக்கு இல்லை. புடவையைப் பற்றி அவருக்குத் தெரியும். நூலைத் தொட்டால் தெரியும், கரையைப் பார்த்தால் தெரியும். தெரிந்தவனிடம் கேட்பது மரியாதை. தெரிந்திருக்க நியாயமே இல்லாதவனிடம் கேட்டு, அவன் திகைத்து எதையோ சொன்ன பிறகு, "நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன்" என்பது தட்டிக்கழித்தல்.

தமிழனுக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

மலாயாவுக்குப் பிழைக்கப் போன யாழ்ப்பாணத்து முத்தையா, தமிழுக்கு ஒரு தட்டச்சு யந்திரம் வேண்டுமென்று உட்கார்ந்தபோது, 247 எழுத்துக்களைச் சில டஜன் விசைகளுக்குள் எப்படி அடக்குவது என்பதைத் தாமே தீர்மானித்தார். வாங்குகிறவனிடம் போய் உங்கள் இஷ்டம் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டுத் தட்டச்சு நிலையங்களில் லோயரும் ஹையரும் எழுதித் தேறிய ஆயிரமாயிரம் பேருக்குக் கையில் பதிந்தது ஒரு வரிசை. அதில் குறை இருக்கலாம். ஆனால் நாகர்கோவிலில் படித்தவள் சென்னைக்கு வேலைக்குப் போனால் விரல்கள் தாமாகவே நடக்கும்.

கம்ப்யூட்டர் வந்தது, அவரவர் இஷ்டமும் வந்தது. கடைக்கு ஓர் எழுத்துரு, பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு. ஒருவன் 'அ'னாவுக்குக் கொடுத்த எண்ணை மற்றவன் 'ழ'கரத்துக்குக் கொடுத்தான். இதற்கு ஒரு முடிவு கட்டுவதற்காக 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 என்று மகாநாடு கூடியது. விசைப்பலகைக்கு ஒரே முறை கண்டார்கள். அதுதான் தமிழ் 99. நல்ல முறை, நான் இன்றைக்கும் அதில்தான் எழுதுகிறேன். எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரே முறை காண வந்தவர்கள், டாம் என்றும் டாப் என்றும் இரண்டைக் கண்டார்கள்! இணையத்தில் உலாவிய தமிழர்கள் பலர் திஸ்கி என்ற மூன்றாவதில் இருந்தார்கள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடிலோ, 1991-லேயே தமிழுக்கு இடம் போட்டிருந்தது. தமிழக அரசு 2010-ல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அப்போதும் பக்கத்தில் டேஸ் 16 என்று ஒன்றை வைத்துக்கொண்டது.

இருபத்தோராவது வயதிலிருந்து நாலைந்து வருஷம் நான் எழுதியதெல்லாம், எங்கள் ஊரில் டி.டி.பி. கடை ஒன்றில் கொடுத்த எழுத்துருவில் அடித்தவை. அச்சில் வந்த கதைகள் பிழைத்தன. அச்சுக்குப் போகாத குறுநாவல் ஒன்று அந்த வட்டில் இருக்கிறது. அதைத் திறந்தால், புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. கடை இன்று இல்லை, எழுத்துருவும் இல்லை. பழைய குறியீடுகளை யூனிகோடுக்கு மாற்றித் தருகிற மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை எழுதி இலவசமாகக் கொடுத்தவர்கள், நான் இவ்வளவு நேரம் ஏசிக்கொண்டிருக்கிற அதே கட்டற்ற மென்பொருள் அன்பர்கள்தான். அவர்கள் நன்றாக இருக்கட்டும். பிரபலமான எழுத்துருக்களுக்கெல்லாம் அவர்கள் வழி செய்துவிட்டார்கள். அந்தக் கடைக்காரனின் இஷ்டத்துக்கு வழி இல்லை. என்னைப் போல எத்தனை பேர், எத்தனை சிறு பத்திரிகைகள், எத்தனை ஊர்ச் சரித்திரக் குறிப்புகள்! ஏட்டுச் சுவடியைக் கரையான் தின்றது என்று பாட்டன்மாரைக் குறை சொல்கிறோம்.

இப்போது லினக்ஸில் தமிழ் விசைப்பலகையைத் தேடிப் போங்கள். பட்டியல் ஒன்று விரியும். தமிழ் 99, தமிழ் எண்களோடு தமிழ் 99, திஸ்கி குறியீட்டில் தமிழ் 99, டாப் குறியீட்டில் தமிழ் 99, இன்ஸ்கிரிப்ட், அதிலும் எண்ணுக்கு ஏற்றபடி இரண்டு. செத்துப்போன குறியீடுகளும் உயிரோடிருப்பதும் ஒரே வரிசையில், ஒரே மரியாதையில் உட்கார்ந்திருக்கின்றன. பேரனுக்குக் கடிதம் எழுத ஆசைப்பட்டு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வந்து, டாப் என்பதைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? தமிழ் வராது, வேறு என்னமோ வரும். அந்த அம்மாள் தமக்குக் கம்ப்யூட்டர் புரியவில்லை என்று மூடி வைத்துவிடுவார். பட்டியல் போட்டவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், உண்மையாகவே என் இஷ்டத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் ஒருவரும் கேட்பதில்லை. இங்கே கம்பெனிக்காரர்களையும் சேர்த்தே சொல்கிறேன். போனில் புதுப் பதிப்பு வந்தால் "இப்போது" என்று ஒரு பொத்தான், "பிறகு" என்று ஒரு பொத்தான். "வேண்டாம்" என்ற பொத்தானை எங்கே ஒளித்தார்கள்? பாட்டரி போய்விட்டால் நானே கழற்றி மாற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் "ஏற்கிறேன்" என்பது பூசணிக்காய் அளவு. மறுக்கிறவனுக்குக் கடுகு அளவு. பாங்கிக்குப் போன் செய்தால் தமிழுக்கு ஒன்றை அழுத்து, கடனுக்கு மூன்றை அழுத்து என்று ஒன்பது வரைக்கும் தேர்வு தருகிறார்கள். மனிதன் ஒருவனோடு பேசுவது அந்த ஒன்பதில் எதுவுமில்லை. டெலிவிஷன் ரிமோட்டில் நாற்பது பொத்தான். வீட்டில் கை படுவது நாலு. அற்ப விஷயத்தில் அரசனாக முடிசூட்டுகிறார்கள்; காரியமான விஷயத்தில் வாசலில் நிறுத்துகிறார்கள்.

தீர்மானம் செய்தால் என்ன குடிமுழுகிப் போகிறது? போனுக்குப் போன் வேறு வேறு சார்ஜராக இருந்ததை ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் சட்டம் போட்டு நிறுத்தியது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கிற புதுப் போன்களுக்கெல்லாம் யூ.எஸ்.பி.-ஸி என்ற ஒரே துளைதான். சார்ஜர் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பறிபோயிற்றே என்று எந்த வீட்டில் ஒப்பாரி வைத்தார்கள்? பக்கத்திலே கேரளத்தைப் பாருங்கள். அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரே ஒரு லினக்ஸை அவர்களே ஒழுங்கு செய்து, மலையாளத்தையும் பாடத்துக்கு வேண்டியதையும் உள்ளே வைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புக் குழந்தையிடம் க்னோமா கே.டி.ஈ.யா என்று வாத்தியார் கேட்பதில்லை. பல வருஷமாக நடக்கிறது. கட்டற்ற மென்பொருள் அங்கே தோற்கவும் இல்லை. அதன் நான்கு உரிமைகளில் ஒன்றும் குறையவும் இல்லை. யாரோ சிலர் உட்கார்ந்து, இரவு பகல் யோசித்து, பழியையும் ஏற்றுக்கொள்ளத் துணிந்து, "இதுதான்" என்று சொன்னார்கள்.

அந்தத் துணிச்சலைத்தான் கேட்கிறேன். புழக்கடையில் ஒரு கதவு இருக்கட்டும். பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிற எதிர் வீட்டுப் பையன்களுக்கு அது திறந்தே இருக்கட்டும். வாசல் வழியாக வருகிறவர்களுக்கு இலையைப் போட்டுச் சாப்பாட்டைப் பரிமாறுங்கள். இன்றைக்கே ஆரம்பிக்கலாம்: அந்தத் தமிழ் விசைப்பலகைப் பட்டியலில் டாபையும் திஸ்கியையும் எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டு, ஒன்றை மட்டும் முதலில் வையுங்கள். எதை வைப்பது என்று என்னிடம் வந்து கேட்காதீர்கள்.